எண்ணெய் பூசாத பத்மாவதி

சாகரம் என்னும் ஊரின் சிற்பியர் தெருவில் ஆண்களின் பெயருக்கே பணி ஒப்படைக்கப்படுவது வழக்கம். நாகவேணியின் பெயருக்கு நேராக வந்த முதற்பணி, ஒரு சாண் உயரச் சந்தனமரப் பத்மாவதி தேவி சிலை. சமணக் கோயில் தர்மகர்த்தா தரணேந்திர பல்லாளர் அதனைப் பார்க்க அன்று வருவதாக இருந்தார். அவர் மனம் கோணினால், இனி எல்லாப் பணியும் அவளுடைய கணவரின் அண்ணன் சுப்ராயரிடமே போய்விடும்.

கட்டையை அவளே தேர்ந்திருந்தாள். அரசுக் கிடங்கில் மற்றவர்கள் கருத்த வேர்க்கட்டைகளை முகர்ந்து முகர்ந்து எடுக்க, அவளோ இழை நேராக ஓடிய நடுமரத் துண்டை எடுத்தாள். வேரில் மணம் மிகுதிதான். ஆயினும் தேவியின் விரல்நுனியைச் செதுக்குகையில் அதன் முறுக்கிழை சிம்பாகத் தெறித்துவிடும்.

காலையிலேயே சுப்ராயர் சந்தன எண்ணெய்க் குப்பியுடன் வந்தார். விற்குமுன் சிலைக்கு எண்ணெய் பூசுவது அத்தெருவில் யாவரும் அறிந்த வழக்கம்.

“ரெண்டு சொட்டு பூசிடு தங்கி. பல்லாளர் மூக்கைத்தான் நம்புவார்” என்றார், தம்பி மனைவியைத் தங்கையாக விளித்து.

“முகத்துக் கோடெல்லாம் கறுத்துடும் பாவா. வேணும்னா உங்க மீசைக்குப் பூசிக்குங்க.”

பல்லாளர் வந்தார், சிலையை மூக்கருகே கொண்டுபோனார், முகத்தைச் சுருக்கினார். செதுக்கி ஒரு மாதம் ஆன மேற்பரப்பு உலர்ந்திருந்தது. முன்பு வாங்கிய சிலைகள் வீடெங்கும் மணந்தன என்றும், இது சந்தனந்தானா என்றும் அவர் மரியாதை குறையாமல் வினவினார். வாயிலில் நின்ற சுப்ராயர் தொண்டையைச் செருமினார்.

நாகவேணி பதறவில்லை.

“உக்காருங்க ஐயா. தேவிக்கு இன்னும் கண்ணு திறக்கலை. உங்க முன்னால திறக்கணும்னுதான் வச்சிருக்கேன்.”

சிலை கேட்டவர் முன் கண் திறப்பதே முறை. ஆனால் உளி இம்மி பிசகினாலும் ஒரு மாத உழைப்பு பாழாகும் என்பதால், சுப்ராயர் உட்படப் பலரும் அதனைத் தனியே முடித்துவிடுவர். அவள் ஊசியுளியை எடுத்தாள். இடக்கண்ணில் இரண்டு கீறல், வலக்கண்ணில் இரண்டு. புதிதாகத் திறந்த உள்மரத்தின் வைரத்திலிருந்து மணம் மெல்ல எழுந்து, குளிர்ந்து பரவியது.

நூல்போல் உதிர்ந்த சீவலைப் பல்லாளர் உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தார். பிறகு தேவியின் கண்களை நெடுநேரம் நோக்கியிருந்தார்.

“ஜ்வாலாமாலினி தேவிக்கும் ஒரு சிலை வேணும். கட்டையை நீங்களே பாத்து எடுங்கம்மா.”

“எடுக்கிறேன். ஆனா மழை கழிஞ்சு, கட்டை நல்லா உலர்ந்த பிறகுதான் உளி வைப்பேன். நடுவுல அவசரப்படுத்தக் கூடாது.”

பல்லாளர் சரியெனத் தலையசைத்தார்.