மூச்சுக்கு இரண்டு வார்த்தை

மாடிப்படியின் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தபோது சட்டைப்பையில் போன் அடித்தது. மகள்தான். மாஸ்டர் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த களைப்பு. மூச்சு அடங்கட்டும் என்று உதட்டைக் குவித்து மெல்ல ஊதினார். அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. எடுத்தார்.

"ம்... சொல்லும்மா."

"எவ்வளவு நேரம் கூப்பிடறது? எங்க இருந்தீங்க?"

"இங்கதான்."

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

புதிதாகக் குடிபோன வீட்டைப் பற்றியும் அதன் ஒழுகும் குழாயைப் பற்றியும் அவள் சொல்லிக்கொண்டே போனாள். இவர் 'ம்' கொட்டினார். கடைசியில் அவள் குரல் இறங்கியது.

"இன்னும் எம்மேல கோபம் போகல, இல்லப்பா?"

அதற்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவரிடம் அவ்வளவு காற்று இல்லை.

"இல்லம்மா," என்றார். அவள் வைத்துவிட்டாள்.

டிரைவிங் ஸ்கூலில் அவருக்கு ரேடியோ மாஸ்டர் என்றுதான் பெயர். காலையில் காரில் ஏறினால் வாய் ஓயாது. "கிளச்சை ஏம்மா இப்படி உதைக்கறே, அது உனக்கு என்ன பாவம் பண்ணிச்சு?" என்பார். பயந்துகொண்டு வந்தவர்கள் சிரித்துக்கொண்டே ஓட்டக் கற்றார்கள். ஜன்னலுக்கு வெளியே தொங்கும் கையில் சிகரெட்டும் ஓயாது. ஒன்றின் கங்கில் அடுத்ததைப் பற்றவைப்பார். மனைவி இருந்தவரை அவர் சட்டைகளைத் தனியாகத்தான் துவைத்தாள். அவள் போன பிறகு அதைச் சொல்லிக் கடிந்துகொள்ளவும் ஆள் இல்லை. மகள் தானே ஒருவனைப் பார்த்துக் கட்டிக்கொள்கிறேன் என்றபோது தையா தக்கா என்று குதித்தார். பிறகு அந்தப் பையனோடு ஒருநாள் உட்கார்ந்து பேசியதில் அவரே இளகிப்போய், முன்னால் நின்று கல்யாணத்தை நடத்திவைத்தார். அந்த மழைக்காலத்தில்தான் இருமல் வந்து உட்கார்ந்தது. அதற்கப்புறம் அது எழுந்து போகவே இல்லை.

வேலையை விட்ட பிறகும் கொஞ்ச நாள் டீக்கடைக்குப் போனார். பழைய கதை ஒன்றை ஆரம்பிப்பார். சிரிப்பு வரவேண்டிய இடத்துக்கு முன்பே மூச்சு தீர்ந்துவிடும். யாராவது அதைத் தப்பாக முடித்துவைப்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். அப்புறம் அவர் போவதை நிறுத்திக்கொண்டார்.

இன்று காலை டாக்டரம்மா ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னாள். ஊதிய லட்சணத்தைப் பார்த்துவிட்டு, ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டினாள்.

"மூச்சுப்பையோட சுவரெல்லாம் கிழிஞ்சு தொளதொளன்னு ஆயிடுச்சு. உள்ள போன காத்து வெளிய வர மாட்டேங்குது. அதைச் சுத்தி முடி மாதிரி ரத்தக் குழாய்ங்க ஓடும். புகை அதையும் விட்டுவைக்கல. பாதி அழிஞ்சுபோச்சு, மிச்சம் இறுகிப்போச்சு. அதுக்குள்ள ரத்தத்தைத் தள்ள இதயம் ரொம்பப் பாடுபடுது. உங்க கால் வீங்கறது அதனாலதான்."

"சிகரெட்ட... விட்டுட்டேன் டாக்டர்."

"நல்லது. போனது திரும்பாது. இருக்கறதைக் காப்பாத்தலாம். வீட்டுல யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மருந்துச் சீட்டு எழுத ஆரம்பித்தாள்.

கதவைத் திறந்து உள்ளே வந்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலிக்கு நேர் மேலே மட்டும் கூரை பழுப்பேறியிருந்தது. இத்தனை வருஷம் இங்கேயே உட்கார்ந்து விட்ட புகை. எதிர்வீட்டு மாடியில் யாரோ பேசிக்கொண்டே பாயை உதறிக் காயப்போட்டார்கள். உலகத்தில் எல்லோரும் எதையாவது செய்துகொண்டே பேசுகிறார்கள் என்று தோன்றியது. போனை எடுத்தார். இருமல் வந்த பிறகு முதல்முறையாக அவரே அவளைக் கூப்பிட்டார்.

"என்னப்பா?"

"குறுக்க... பேசாதே. நான் நிறுத்தினா... முடிஞ்சுதுன்னு... அர்த்தம் இல்ல."

ஒரு மூச்சு இழுத்துக்கொண்டார்.

"கோபமெல்லாம்... உன் கல்யாணத்துக்கு... முன்னாடியே போச்சு. கோபம் இல்லம்மா. மூச்சுதான்... இல்ல."

வழக்கமாக இந்த இடத்தில் போனைக் காதிலிருந்து விலக்கிக்கொள்வார், அந்த விசில் சத்தம் கேட்டுவிடக் கூடாதென்று. இன்று வாயருகிலேயே வைத்திருந்தார். இழுத்தது, விட்டது, இழுத்தது.

"இந்தச் சத்தம் உங்களுதாப்பா?"

"ம்."

"நான் ஃபேன் சத்தம்னு நினைச்சேன். இத்தனை நாளா..."

டாக்டரம்மா சொன்னதை அவர் துண்டுதுண்டாகச் சொன்னார். நடுநடுவே நின்றபோதெல்லாம் அவள் காத்திருந்தாள்.

"வேலைய விட்டுட்டு... வராதே," என்றார் கடைசியில்.

"வெச்சிடாதீங்க. பேச வேணாம். சும்மா அப்படியே இருங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுச் சாய்ந்துகொண்டார். மகள் வீட்டில் காலடிச் சத்தம் கேட்டது. மருமகனிடம் தாழ்ந்த குரலில் ஏதோ பேச்சு. ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அலமாரிமேலிருந்து கனமான எதையோ இறக்கிவைத்தார்கள். பிறகு ஒரு பெட்டியின் ஜிப் இழுபட ஆரம்பித்து, பாதியில் நின்றது. மாஸ்டர் காதைச் சற்று முன்னால் கொண்டுபோனார்.