மொட்டைத் திரை

யானினா நான்காம் முறையாக மவுஸை அழுத்தினாள். திரையில் சாம்பல் நிறத்தைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. சின்னங்கள் இல்லை; கீழே பட்டை இல்லை; நேரம் காட்டும் எண்கள்கூட இல்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று பத்து. முன்னறையில், திறந்த சவப்பெட்டியில், அவளுடைய தந்தை வில்மார் கிடத்தப்பட்டிருந்தார். விடியற்காலையில் உயிர் பிரிந்தது. மாலை ஐந்து மணிக்கு அடக்கம்.

நண்பகல் பன்னிரண்டுக்கு ஊர் வானொலியில் மரண அறிவிப்புகள் வாசிக்கப்படும். ஆட்டுப் பண்ணைகளில் கைப்பேசிக்கு அலை கிடைப்பது அரிது. வில்மாரின் நண்பர்கள் அனைவரும் அங்கேதான் இருந்தார்கள். அந்த வாசிப்பைத் தவறவிட்டால் அவர்கள் வந்து சேர்வதற்குள் குழி மூடப்பட்டிருக்கும். வானொலிக்குத் தொலைபேசியிலும் சொல்ல இயலாது. முன்பொரு முறை எவரோ விளையாட்டாகச் சொன்னதை நம்பி, உயிரோடிருந்த கசாப்புக்கடைக்காரர் ஒருவரின் பெயர் வாசிக்கப்பட்டுவிட்டது. அன்று முதல் பத்தொன்பது ஆண்டுகளாக, ஊரின் மரணச் செய்திகளைச் சரிபார்த்து அனுப்பும் பொறுப்பு வில்மாருடையது; அவருடைய கணினியிலிருந்து வரும் அறிவிப்புகளை மட்டுமே வானொலி ஏற்றுக்கொண்டது.

“அம்மா, அப்பா எல்லாத்தையும் அழிச்சு வெச்சிருக்கார். மெனுவே இல்ல.”

நெலிதா அடுக்களையில் மாத்தே என்னும் மூலிகைத் தேநீர்க் குடுவைக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். “தலையிலயே ஒண்ணும் வெச்சுக்காத மனுஷன், திரையிலயா வெச்சுக்கப் போறார்?”

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தலைநகர் மொந்தெவிதேயோவிலிருந்து வரும்போது, யானினா தன் அலுவலகக் கணினியைப் போலவே தந்தையின் திரையையும் நிறைத்துவிட்டுப் போவாள்: வானிலை, நாட்காட்டி, குடும்பப் படங்கள். ஒரே வாரத்தில் அவர் அனைத்தையும் துடைத்துவிடுவார். ஜூனில் தொலைபேசியில் சொன்னார்: “இன்னும் ரெண்டு எடுக்கணும், யானி. அப்புறம் சரியா இருக்கும்.”

“அப்போ கம்ப்யூட்டரையே எடுத்துடுங்கப்பா,” என்றிருந்தாள் அவள். அவர் சிரித்த நினைவு.

இப்போது கதவருகே தாயின் பெட்டி இருந்தது. காலையில் வந்ததும் அவளே அடுக்கியது. அடக்கம் முடிந்ததும் அம்மாவைத் தன்னுடன் அழைத்துச் செல்வதென்று பேருந்திலேயே முடிவு செய்திருந்தாள். கேட்கத்தான் இல்லை.

மணி பதினொன்று இருபது.

“எழுந்திரு,” என்றார் நெலிதா, கையைத் துடைத்துக்கொண்டே.

“அம்மா, இது உங்களுக்கு...”

“எழுந்திரு, யானி. நேரமாகுது.”

அவர் அமர்ந்தபோதுதான் யானினா கவனித்தாள். விசைப்பலகையின் மேல்வரிசையில் மூன்று விசைகளின் மீது சிவப்புப் பொட்டுகள். காலையில் பெயிண்ட் சிந்தியதென்று எண்ணியிருந்தாள். அது நெலிதாவின் நகப்பூச்சு. நடுப்பொட்டு பாதி தேய்ந்திருந்தது.

நெலிதா முதல் பொட்டை அழுத்தினார். திரை முழுவதும் ஒரு வெள்ளைத் தாள் விரிந்தது.

“எப்போலேர்ந்தும்மா?”

“மே மாசம். அவருக்குக் கை நடுங்க ஆரம்பிச்சுது. எனக்கு நெறைய இருந்தா பயம், எதைத் தொட்டா எது போகுமோன்னு. ஒவ்வொண்ணா எடுத்தார். ‘இப்ப பயமா இருக்கா’ம்பார். இருக்குன்னா இன்னொண்ண எடுப்பார்.”

 அடிக்க வேண்டியதை யானினா சொல்லத் தொடங்கினாள்: “மதிப்பிற்குரிய திரு. வில்மார் ரூபேன் எச்செவெர்ரி அவர்கள்...”

“யாரு அது?”

“அம்மா.”

“அப்படி வாசிச்சா, எவனோ வக்கீல் செத்துட்டான்னு மாத்தேய உறிஞ்சிக்கிட்டு உக்காந்திருப்பானுங்க.”

இரண்டே விரல்களால், எழுத்து எழுத்தாக, அவர் தட்டினார்: வில்மார் எச்செவெர்ரி, ‘மொட்டை’. வீட்டில். அடக்கம் மாலை ஐந்து.

‘மொட்டை’ என்ற சொல்லின் மீது அவருடைய விரல் சற்றே தங்கியது. பின்பு நடுப்பொட்டை அழுத்தினார். அறிவிப்பு வானொலிக்குப் போனது; திரை மீண்டும் வெறும் சாம்பலானது.

ஐந்து நிமிடங்களில் தொலைபேசி மணி அடித்தது. அறிவிப்புகளை வாசிக்கும் ஓல்மெதோ பேசினார். அவர் குரல் அறைக்கே கேட்டது.

“வந்துடுச்சு, நெலிதா.” காகிதம் திருப்பும் ஓசை கேட்டது. “நீங்கதான் அடிக்கறீங்கன்னு மே மாசமே தெரியும். மொட்டை ‘அடக்கம்’னு அடிச்சா எப்பவும் ஒரு எழுத்து குறையும். நான்தான் சேத்து வாசிப்பேன்.”

“அப்பவே சொல்றதுக்கென்ன?”

“அவனும்தான் சொல்லல.” பிறகு மெல்லக் கேட்டார்: “நாளைக்கு யாராவது போயிட்டா, யாரு அனுப்புவா, நெலிதா?”

நெலிதா முன்னறையைப் பார்த்தார். பிறகு கதவருகே இருந்த பெட்டியைப் பார்த்தார். யானினா தலை குனிந்துகொண்டாள்.

“பதினொண்ணரைக்குள்ள நான் அனுப்பிடறேன்.”

பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் வாசலில் சேறு படிந்த பூட்ஸுகள் வரிசையாக நின்றன. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்த முதியவர் ஒருவர், சவப்பெட்டிக்குள் குனிந்து, “டேய் மொட்டை, மழைக்காலத்துல தலைய மூடிக்கச் சொன்னேனே,” என்றார். எவரோ சிரித்தார்கள். நெலிதாவும் சிரித்தார்.

யானினா உள்ளே வந்து தாயின் பெட்டியைத் திறந்தாள். துணிகளுக்கு அடியில் தானே வைத்திருந்த நகப்பூச்சுப் புட்டியைத் தேடி எடுத்தாள். நடுப்பொட்டின் மீது ஒரு துளி வைத்து, அது உலரும்வரை மெல்ல ஊதிக்கொண்டிருந்தாள்.