தாடை ஜெகதீசன் முகத்தில் துண்டு

உலகத்தில் மூடி வைக்க வேண்டிய பொருள் ஒன்றே ஒன்றுதான், அது பிரியாணி குண்டான். வேறு எதை எவன் மூடினாலும் அவன் திருடன். இது செங்குட்டுவனின் ஊடகக் கொள்கை. கல்மண்டபம் டீக்கடைக்காரர் முதல் கல்லூரித் துறைத்தலைவர் வரை எல்லோரிடமும் இதை அவன் ஒரு பல்லும் தெரியாமல் சொல்லியிருக்கிறான். பட்டம் வாங்குவதற்கு முன்பே 'மூடாத வாய்' என்று ஒரு யூடியூப் சேனல் தொடங்கிவிட்டவன். ராயபுரத்தில் பாதிப் பேருக்கு அவனால் பெருமை. மீதிப் பேர் அவன் தலை தெரிந்தால் ஜன்னலைச் சாத்துவார்கள்.

படம் பிடிப்பதும் வெட்டி ஒட்டுவதும் அவன் தோஸ்து ரஷீது.

"மாமு, நாம ரெண்டு பேர் இல்லேன்னா இந்த ஏரியாவுல உண்மைக்கு நாதி கெடையாது" என்பான் செங்குட்டுவன்.

"பெட்ரோலுக்கும் கெடையாது" என்பான் ரஷீது.

இப்படி இருக்கையில்தான் தாடை ஜெகதீசன் செத்துப்போனார். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து சினிமாவில் சிரிப்பு நடிகரானவர். திரையில் முதலில் அவருடைய கீழ்த்தாடை வரும், தியேட்டர் சிரிக்கும், அப்புறம்தான் அவர் வருவார். காசு சேர்ந்த பிறகும் மற்ற நடிகர்கள் மாதிரி தென்சென்னைக்குக் குடிபோகாமல் கல்மண்டபத்திலேயே வீடு கட்டிக்கொண்டவர் என்பதால் தெருவுக்கு அவர் சொந்தச் சொத்து. கடைசி ஒரு வருடம் அவரை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. ஊரே மாஸ்க்கைக் கழற்றி எறிந்த பிறகும் அவர் மட்டும் மாஸ்க்கோடு ஆட்டோவில் ஏறுவதைச் சிலர் பார்த்திருந்தார்கள். பெரிய மனுஷன், கிருமிக்குப் பயப்படுகிறார் என்று விட்டுவிட்டார்கள்.

இந்தப் பக்கத்தில் சாவு என்றால் முகம் பார்ப்பது. மாலை போடலாம், போடாமலும் இருக்கலாம். அழலாம், ஓரமாக நின்று கிரிக்கெட் ஸ்கோரும் கேட்கலாம். முகம் மட்டும் பார்த்தாக வேண்டும். சாவுக்குப் போய்த் திரும்பியவனை வாசலிலேயே நிறுத்தி வீட்டுக்காரி கேட்கும் முதல் கேள்வி, "மொகத்தப் பாத்தியா?" என்பதுதான். அப்படிப்பட்ட ஊரில், தெருப்பந்தலில் வைத்த ஐஸ் பெட்டிக்குள், கண்ணுக்குக் கீழிருந்து கழுத்து வரை ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டு அப்பாவைப் படுக்க வைத்திருந்தாள் அவருடைய ஒரே மகள் நர்மதா.

செங்குட்டுவன் துண்டைப் பார்த்தான். துண்டு அவனைப் பார்த்தது. பத்து நிமிடத்தில் 'மூடாத வாய்' சேனலில் ஒரு படம் ஏறியது. துண்டை நோக்கி ஒரு சிவப்பு அம்புக்குறி, மேலே, "தாடையை மறைப்பது யார்?"

மதியத்துக்குள் டிவிக்காரர்களின் வண்டிகள் தெருமுனையை அடைத்துக்கொண்டன. எல்லா சேனலிலும் அதே துண்டு, அதே அம்புக்குறி. அடித்துக் கொன்றுவிட்டார்கள் என்றது ஒரு கூட்டம். பெட்டிக்குள் இருப்பது அவரே இல்லை, மெழுகுப் பொம்மை என்றது இன்னொரு கூட்டம். ரசிகர் மன்றத் தலைவர் மண்ணாங்கட்டி மார்பில் அடித்துக்கொண்டு அறிவித்தார்: "தலைவர் மொகத்த காட்டாம எடுத்தீங்கன்னா நான் ரோட்ல படுப்பேன்!" சொல்லும்போதே அவர் பாதி படுத்திருந்தார்.

ஜெகதீசனின் தங்கை குப்பம்மா, மீன் ஏலத்தில் ஆறு பேர் குரலை அமுக்கும் தொண்டையோடு, கூட்டத்துக்கு மேல் கூப்பிட்டாள்.

"டேய் குட்டுவா! உன்ன நர்மதா கூப்டுது. செருப்ப வெளிய வுட்டுட்டு வா. போனயும் வெளிய வுட்டுட்டு வா."

"போன் இன்னா செருப்பா, அத்த?"

"உன் போனுக்கு செருப்பே தேவல. வா உள்ள."

நர்மதா சமையலறையில் நின்றிருந்தாள். துறைமுகத்தில் கன்டெய்னர் கம்பெனி ஒன்றில் வேலை. நூறு டிரைவர்களை ஒரு பார்வையில் வரிசையில் நிற்க வைப்பவள்.

"அம்புக்குறி நல்லா இருந்துச்சு" என்றாள்.

"தேங்க்ஸ்க்கா. மக்களுக்குத் தெரிஞ்சிக்கிற உரிம கீதில்ல?"

"கீது. தெரிஞ்சிக்கோ. வாய்ல புத்துநோய். போன வருஷம் ஆபரேஷன். கீழ்த்தாடைய எடுத்துட்டாங்க, பூரா."

செங்குட்டுவன் தன் தாடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"அந்த மாஸ்க்கு…"

"அதுக்குத்தான். வூட்ல இருக்கற கண்ணாடிய எல்லாம் செவுத்து பக்கம் திருப்பி வெச்சிட்டாரு. டிவில அவர் படம் போட்டா மட்டும் வந்து குந்திப்பாரு. ஜனங்க அந்த சினிமா மூஞ்சிய மனசுல வெச்சிகினு வூட்டுக்குப் போவட்டும்ன்றதுதான் அவர் ஆச. வாய் பேச முடியல, கைலயே காட்டினாரு." அவள் கையைத் தூக்கி முகத்துக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டுக் காண்பித்தாள். "சொல்லாதன்னு நான் உன்னாண்ட கெஞ்ச மாட்டேன். சொல்றது உன் தொழிலு. பொய்ய சொல்றதுக்குப் பதிலா உண்மைய சொல்லிட்டுப் போ."

வெளியே ரஷீது காத்திருந்தான். "இன்னா மாமு, மேட்டர் சிக்குச்சா?"

"சிக்கிச்சு. இப்ப இல்ல. லைவ்ல. படத்தோட."

இதில் அவமானம் என்ன இருக்கிறது, ஆஸ்பத்திரி சமாச்சாரம். காட்டிவிட்டால் வதந்தி அடங்கும், குடும்பத்துக்கே நல்லது, புகையிலைக்காரர்களுக்கு ஒரு பாடமாகவும் போகும். இப்படித் தனக்குத்தானே ஒரு தலையங்கம் எழுதி, தானே அதைப் படித்துத் தலையாட்டிக்கொண்டான். தெளிவாக இருந்தான். எப்போதுமே தெளிவாகத்தான் இருப்பான்.

பிணம் எடுக்கிற நேரம் வந்தது. மண்ணாங்கட்டி சொன்ன சொல் தவறாமல், பிணத்தை ஏற்றிய பூ வண்டிக்கு முன்னால் படுத்துவிட்டார். பின்னால் மன்றத்துப் பையன்கள் முப்பது பேர், "மொகத்த காட்டு! மொகத்த காட்டு!" என்று கத்தினார்கள்.

செங்குட்டுவன் குனிந்து அவர் காதில் சொன்னான்: "அண்ணே, எழுந்திரு. தலமாட்டுல குந்தி பூ போடப்போறது நானு. போற வழில லைவ்ல நானே தொறந்து காட்றேன். உலகமே பாக்கும்."

"சத்தியமா?"

"நான் எதையாவது மூடி நீ பாத்துக்கீறியா?"

மண்ணாங்கட்டி எழுந்து வேட்டியைத் தட்டினார். கூட்டம் விசில் அடித்தது.

தலைமாட்டில் உட்கார்ந்து பூப்போடும் வேலைக்கு மாமன் மச்சான்கள் அடித்துக்கொள்வது வழக்கம். அன்று குடிக்காமல் இருந்த வாலிபன் என்கிற தகுதியில் செங்குட்டுவன் போட்டியின்றித் தேர்வானான். மடியில் பூக்கூடை, கையில் போன். சுடுகாட்டுக்குப் பெண்கள் வருவதில்லை. நர்மதா வண்டிவரை வந்தாள். துண்டின் ஓரங்களைத் தோளுக்கு அடியில் செருகினாள். நிமிர்ந்து செங்குட்டுவனைப் பார்க்காமலே வீட்டுக்குள் போனாள்.

டோல் மேளத்தின் அடி கிளம்பியது. பட்டாசுப் புகைக்குள் வண்டி மூலக்கொத்தளம் சுடுகாட்டுப் பக்கம் நகர்ந்தது. இரண்டு பக்கமும் பைக்குகள், பைக்கின் பின்சீட்டுகளில் கேமராக்கள். ரஷீதும் ஒரு பின்சீட்டில் வந்துகொண்டிருந்தான். செங்குட்டுவன் லைவை ஓடவிட்டான்.

"நண்பர்களே, காலையிலேர்ந்து நீங்க கேட்டுகினு இருக்கிற கேள்விக்கு, இந்தத் துண்டுக்கு அடியில பதில் கீது."

'காட்டு ப்ரோ', 'சீக்கிரம் ப்ரோ' என்று திரையில் எழுத்துகள் ஈசல் மாதிரி ஏறின. மண்ணாங்கட்டி வண்டியின் பக்கப்பலகையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவந்தார்.

அப்போது எதிரே ஒரு கன்டெய்னர் லாரி உரசுகிற மாதிரி கடந்தது. அது கிளப்பிய காற்றில் செருகியிருந்த துண்டின் ஒரு முனை பிடுங்கிக்கொண்டு எழுந்தது. ஒரு ஜாண். குனிந்திருந்த செங்குட்டுவனுக்கு மட்டும் தெரிந்தது. கன்னத்தின் கோடு இறங்கி வந்து, பாதியில் நின்றுவிட்டது. அதற்குக் கீழே, கோடம்பாக்கத்தையே முப்பது வருடம் சிரிக்க வைத்த இடத்தில், தையல் போட்ட ஒரு பள்ளம்.

துண்டு இன்னொரு தடவை படபடத்தது. பைக்குகள் நெருங்கின. கேமராக்கள் எல்லாம் ஒன்றாக உயர்ந்தன.

செங்குட்டுவன் போனைப் பூக்கூடைக்குள் கவிழ்த்துப் போட்டான். துண்டை இழுத்துவிட்டு, அதன் மேல் உள்ளங்கையை அகலமாக விரித்து வைத்தான். லேசாகத்தான் வைத்தான், அழுத்த மனம் வரவில்லை.

"டேய், சத்தியம் பண்ணியேடா!" என்று மண்ணாங்கட்டி மூச்சிரைத்தார். "இன்னாடா பாத்த? மொகத்தப் பாத்தியா?"

"பாத்தேன். அவருதான். நீ தாளத்தப் பாத்து ஆடு, அண்ணே."

பக்கத்து பைக்கிலிருந்து ரஷீது தொண்டை கிழியக் கத்தினான்: "மாமு! கை மறைக்குது மாமு! கைய எடு!"

செங்குட்டுவன் கையை எடுக்கவில்லை. இன்னொரு கையால் கூடையிலிருந்த சாமந்தியை ஒரு பிடி அள்ளி, குறி பார்த்து, ரஷீதின் கேமரா மேல் வீசினான்.