ஐந்து நாள் ஓய்வு

லாவண்யாவுக்கு இருபத்து நாலு வயது. பிறந்ததிலிருந்து கழுத்து நிற்கவில்லை, பேச்சும் வரவில்லை. இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். அப்பா இறந்த பிறகு அம்மா தனகோடிதான் எல்லாவற்றுக்கும். கட்டிலை ஒட்டி உட்கார்ந்தபடியே தறிக்காரர்களுக்குப் பட்டுநூல் சுற்றிக் கொடுப்பாள். மகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போயிருந்தது.

ஆரணியில் புதிதாக ஓர் இல்லம் திறந்தார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளை ஐந்து நாள் அங்கே வைத்துக்கொள்வார்கள், பார்த்துக்கொள்கிறவர்கள் ஓய்வெடுக்கலாம். தனகோடி தயங்கினாள். தங்கை தெய்வநாயகி விடவில்லை.

"அஞ்சே நாள்தானேக்கா. சந்தவாசலுக்கு எங்க வூட்டுக்கு வந்து நிம்மதியா தூங்கு. இப்படியே போய்கினு இருந்தா அவளோட நீயும் படுத்துடுவ."

இல்லத்து நர்ஸ் சுபலட்சுமி பொறுமையான பெண். லாவண்யாவைக் கொண்டுபோய் விட்ட அன்று, எந்தப் பக்கம் சாய்த்து ஊட்ட வேண்டும், எந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று ஒன்றுவிடாமல் கேட்டு எழுதிக்கொண்டாள்.

தங்கை வீட்டில் முதல் நாள் தனகோடி மத்தியானம் படுத்தவள் விளக்கு வைத்த பிறகுதான் எழுந்தாள். மறுநாள் சோறு ஆறுவதற்குள் சாப்பிட்டாள். தலைக்கு நிதானமாக எண்ணெய் தேய்த்துக் குளித்தாள்.

மூன்றாம் நாள் காலையில் போன் அடித்தது. இல்லத்து நம்பர்.

எடுப்பதற்குள், 'போய்ட்டா' என்று மனசு சொன்னது. பயம் வரவில்லை, அழுகை வரவில்லை. நெஞ்சு லேசானது. இருபத்து நாலு வருடத்தில் அப்படி லேசானதே இல்லை. மகள் போனதற்கா இந்த நிம்மதி என்று உறைத்ததும் அவசரமாகப் போனை எடுத்தாள்.

"அம்மா, பயப்படாதீங்க," என்றாள் சுபலட்சுமி. "லாவண்யா ஒரு வாய்கூட முழுங்க மாட்டேங்கறா. மூக்குல டியூப் போடணும்னு டாக்டர் சொல்றாரு. நீங்க வந்தா சாப்புடுவாளோன்னுதான் கூப்புட்டேன்."

தங்கை சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லியும் நிற்காமல் பஸ் ஏறினாள்.

லாவண்யாவின் உதடு வெடித்துக் கிடந்தது. அம்மாவைக் கண்டதும் தொண்டைக்குள்ளிருந்து அவளுக்கே உரிய சத்தம் ஒன்று வந்தது. தனகோடி சாய்த்துப் பிடித்துக் கஞ்சி ஊட்டினாள். ஒவ்வொரு வாயாக இறங்கியது. மகள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தனகோடி கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொத தடவ எல்லாருக்கும் இப்படித்தாம்மா," என்றாள் சுபலட்சுமி. "ரெண்டு மூணு தடவ வந்தா பழகிடுவா. அடுத்த மாசம் ஒரு தேதி போடட்டுமா?"

"வேணாம்மா."

அன்றே ஆட்டோ வைத்து வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தெய்வநாயகி வந்தாள். "இன்னொரு தடவ வுட்டுப் பாக்கலாமேக்கா. அவங்கதான் பழகிடுவான்னு சொல்றாங்களே."

"மாட்டா தெய்வா. என்னை வுட்டு ஒரு நாள் இருக்க மாட்டா."

போன் அடித்தபோது அக்காவின் நெஞ்சு லேசானது தங்கைக்குத் தெரியாது; சொன்னதை நம்பினாள். அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தனகோடி எழுந்து, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மகளை இடப்பக்கம் புரட்டிப் படுக்கவைத்தாள்.