ஈரத்தில் நின்றும் அலறிய வேர்கள்

எனக்குக் கை வேகம். வாய் அதைவிட வேகம். ஆய்வகத்தில் இதை யாரும் என் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. என் அக்கா மட்டும் சொல்வாள். கண்ணாடிக்கூடத்துக்கு அவள்தான் பொறுப்பு. எலுமிச்சைக் கன்று வளர்ப்பது அவள், அதன் வேரை அரைத்து ஹார்மோன் அளப்பது நான். ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் ஒரே கட்டடத்தில் வேலை பார்க்கக் கூடாதென்று சட்டம் போட வேண்டும்.

தண்ணீர் கிடைக்காமல் போனால் எலுமிச்சை வேர் முதலில் என்ன செய்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி. ஜாஸ்மோனிக் அமிலம் என்ற ஹார்மோன் சில மணி நேரத்தில் குபீரென்று ஏறி அடங்கிவிடும், அதன் பிறகே அப்சிசிக் அமிலம் ஏறிச் செடியைச் சிக்கனமாக இருக்கச் சொல்லும் என்று நம்பினோம். முதலாவது கூச்சல், இரண்டாவது நிதானம். "முதல் ஹார்மோன் நீ, ரெண்டாவது நான்" என்பாள் அக்கா.

இரண்டு முறை சோதித்து இரண்டு முறையும் மண்ணைக் கவ்வினோம். மண்ணுக்குப் பதிலாகத் தொட்டியில் நிரப்பும் வெள்ளைத் துகள்தான் பெர்லைட். காய்ந்த பெர்லைட்டில் நின்ற கன்றின் வேரில் ஜாஸ்மோனிக் ஏறியிருந்தது. சரி. நனைந்த பெர்லைட்டில் சொகுசாக நின்ற கன்றின் வேரிலும் அதே அளவு ஏறியிருந்தது.

"தாகமே இல்லாதது எதுக்குக் கத்துது?" என்று கேட்டார் ஆய்வகத் தலைவர். முதுகு வளைந்தவர், கேள்வியாகவே பேசுபவர். எங்களுக்குள் அவர் பெயர் கேள்விக்குறி. வெள்ளிக்கிழமைக்குள் வித்தியாசம் தெரியாவிட்டால் கூடத்தைத் தக்காளிக் குழுவுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். அவர்களுக்குச் சொந்தமாகப் பொறுப்பாளர் உண்டு. கூடம் போனால் அக்காவின் வேலையும் போய்விடும்.

பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். திங்கள்கிழமை மூன்றாம் சோதனை தொடங்கியதுமே பாய்ந்தேன்.

"ஈரக் கன்னுக்கு நீ ஒழுங்கா தண்ணி விடலை. அதான் இப்படி ஆகுது."

அக்கா என் மேசைப் பக்கம் வந்து நின்றாள். நான் முதல் ஈரக் கன்றைத் தண்டோடு பிடித்து வெடுக்கென்று பிடுங்கினேன்.

"ஏன்டீ, தலைமுடியப் பிடிச்சு இழுக்கிற மாதிரி இழுக்கிற?"

"வேர் வெளிய வரணுமா வேண்டாமா?"

"பாதி வேர் வரலையே. இங்க பாரு, அறுந்து கிடக்கு."

தொட்டிக்குள் வெள்ளை இழைகள் கிடந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. காயம் பட்டாலும் செடியில் இதே ஜாஸ்மோனிக்தான் ஏறும். பதினோரு வருடமாக எனக்குத் தெரிந்த பாடம் அது. நான் வேரைப் பிடுங்கி, குழாயில் தேய்த்துக் கழுவி, துடைத்து, வெட்டி, உறைய வைப்பதற்குள் எட்டு நிமிடம் ஆகிவிடும். அடிபட்ட வேர் அலற அது தாராளம். இரண்டு சோதனையிலும் நான் அளந்தது வறட்சியை அல்ல, என் கையை. அவமானத்தில் காது சுட்டது.

"அக்கா, மிச்சத்தை நீயே எடு."

மீதி நாற்பத்தேழு கன்றுகள். தொட்டியைச் சாய்த்து, அடியில் இரண்டு தட்டுத் தட்டினாள். பெர்லைட் தானாக உதிர்ந்தது. வேரை விரலால் தொடவே இல்லை. கத்தரித்து நேராகத் திரவ நைட்ரஜனில் போட்டாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நொடிகளை எண்ணினேன். ஒன்றுகூட இருபதைத் தாண்டவில்லை. மணிக்கணக்குப் பார்த்து மாலை வரை எடுத்தோம், மறுநாளும் எடுத்தோம். சும்மா நிற்பதுதான் என் வாழ்க்கையிலேயே கடினமான வேலை.

வெள்ளி காலை திரையில் கோடுகள் வந்தன. ஈரக் கன்றுகளின் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. காய்ந்தவற்றில் ஜாஸ்மோனிக் மூன்றாம் மணியில் ஏறி, மாலைக்குள் அடங்கியிருந்தது. அது அடங்கிய இடத்திலிருந்து அப்சிசிக் ஏறத் தொடங்கியிருந்தது. அந்த வெறும் தரைக்கோட்டைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

கேள்விக்குறி குனிந்து பார்த்தார். "முன்னாடி ரெண்டு தடவை என்ன ஆச்சு? கன்னு சரியில்லையா?"

தலையாட்டியிருந்தால் தப்பித்திருப்பேன்.

"கன்னு நல்லாதான் இருந்துச்சு சார். நான்தான் பிடுங்கிக் காயப்படுத்திட்டேன். கண்டுபிடிச்சது அக்கா."

"அப்ப இனிமே யாரு எடுக்கப் போறாங்க?"

"அக்காதான்."

"நீங்க?"

"எண்ணுவேன் சார்."

அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "தக்காளிக்காரங்களுக்கு வேற இடம் இல்லாமலா போகும்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கூடத்துக்கு ஓடிச் சொன்னேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேசைக்கு அடியிலிருந்து விளிம்பு உடைந்த டீக்கோப்பை ஒன்றை எடுத்து வைத்தாள். அதில் ஓர் எலுமிச்சைக் கன்று, இலைகள் நிமிர நின்றது.

"திங்கக்கிழமை நீ பிடுங்கினது. நட்டு வச்சேன். பொழச்சுக்கிச்சு."

குனிந்து மன்னிப்புக் கேட்டேன். கன்றிடம்தான் கேட்டேன். அக்காவுக்கும் கேட்கும்படி சத்தமாகவே கேட்டேன்.