ஜெகதாம்பாள் வெளியே சொன்ன ஆசை

செங்கல்பட்டில் ரயிலடிக்குப் பின்னாலிருந்த வீட்டில், 1970-ஆம் வருடம் ஆடி மாதம், ஒன்பது வயது வச்சலா சோறு தின்றுகொண்டே தான் பெரியவளானால் ரயில் ஓட்டப்போவதாகச் சொன்னாள். மறுநாள் அடுப்பு பற்றவைக்காமலே வீடு முழுக்கக் கரிப்புகை நிறைந்திருந்தது. ரயில்வே ஆட்கள் இரண்டு பேர் வந்து, காணாமல்போன எஞ்சின் இந்தப் பக்கம் வந்ததா என்று விசாரித்து, மோர் குடித்துவிட்டுப் போனார்கள். அப்பா சிங்காரம் மாமல்லபுரம் போகும் பஸ்ஸில் கண்டக்டர். காக்கிச் சட்டையில் படிந்த கரியைத் தட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பினார். அம்மா ஜெகதாம்பாள் துணிகளை மறுபடி துவைத்துப் போட்டாள். அந்த வாரம் மண்ணெண்ணெய் கிடைக்காததால் தெருவில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

அடுத்த வருடம் டாக்டராகப் போவதாகச் சொன்னாள். விடிந்ததும் கருங்குழி ஊர்ப் பெண்கள் காய்ச்சல் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் வரிசையாக நின்றார்கள். யார் சொல்லி வந்தோமென்று அவர்களுக்கே தெரியவில்லை. ஜெகதாம்பாள் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்து அனுப்பினாள். சிங்காரத்துக்கு இதெல்லாம் பிடித்துத்தான் இருந்தது. பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கும்போது மகளைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்வார். ஆனால் ஏரோப்ளேன் ஓட்டப்போகிறேன் என்று அவள் சொன்ன மறுநாள், கூரை ஓடுகள் ஒரு சாண் எழும்பி, மத்தியானம்வரை இறங்காமல் நின்றன. ஜெகதாம்பாள் மகளின் வாயை ஈரக்கையால் பொத்தினாள். "இன்னாவா ஆவணும்னு இனிமே நீ வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தே, சூடு வெச்சுடுவேன்."

பிறகு அவள் சொல்லவேயில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டபோதெல்லாம் "தெரியல டீச்சர்" என்றாள். மந்தம் என்று கடைசி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். ஆசைகள் வந்தபோது எச்சிலோடு விழுங்கினாள். விழுங்கி விழுங்கி, அவை வருவதும் நின்றுபோயிற்று. வெகுகாலம் கழித்துத் தன் சின்ன வயதை நினைக்கும்போதெல்லாம், புகையையும் ஓடுகளையும்விட, வாய் திறக்காமலிருந்த வருடங்களில் வீடு சுத்தமாக இருந்ததுதான் அவளுக்கு அதிகம் ஞாபகம் வந்தது.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்து வீட்டிலிருந்தவளை, 1979-இல், கேளம்பாக்கத்தில் அரிசி மண்டி வைத்திருந்த ராஜாராமுக்குக் கேட்டு வந்தார்கள். ஜெகதாம்பாள் சம்மதித்தாள். வச்சலா சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேனென்றும் சொல்லவில்லை. வேண்டும் என்று சொல்வதே அவளுக்கு மறந்திருந்தது. "ஒரு வார்த்த பேச மாட்டேங்குது ஜெகதா. நாமதான் இத இப்டி ஆக்கிட்டோம்" என்று சிங்காரம் சாப்பிடாமல் எழுந்து போனார். அன்று மத்தியானம், மீன் ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவின் எதிரில் வச்சலா வந்து உட்கார்ந்தாள்.

"என்ன ஏம்மா பேச வுடல?"

ஜெகதாம்பாள் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் பிறந்தவள். பிறந்த ஊரைப் பற்றி அவள் பேசி யாரும் கேட்டதில்லை. "நானும் உன்னாட்டம்தான்டீ. பத்து வயசுல, எங்கண்ணன் சடையனாட்டம் நானும் கட்டுமரத்துல போவணும்னு சொன்னேன். விடிஞ்சா கடலு வூட்டாண்ட வந்து நின்னுகினு கீது. கட்டுமரத்து மேல படுத்துகினு இருந்த அண்ணன இஸ்துகினு பூட்ச்சு. திரும்பல. அதான் கடலே இல்லாத ஊர்ல வாக்கப்பட்டேன்."

வச்சலா மீன் சட்டியை ஒதுக்கிவிட்டு நெருங்கி உட்கார்ந்தாள். "இப்பவும் அந்த ஆச கீதா?"

ஜெகதாம்பாள் அரிவாள்மணையில் ஒட்டிய செதிலைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "கீது" என்றாள்.

காலையில் கடல் தெருமுனையில் இருந்தது. திருக்கழுக்குன்றம் வழியாக, நெல் வயல்களை நனைக்காமல் வந்திருந்தது. அலை வாசற்படிவரை ஏறி, கோலத்தை அழிக்காமல் திரும்பிப் போயிற்று. ஜெகதாம்பாள் உள்ளறையில் சுவரோடு ஒட்டி நின்றாள். வச்சலா தெரு முழுக்க வீடு வீடாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "அல்லாரும் கீறாங்கம்மா. யாரையும் இஸ்துகினு போவல. நீ போ." ஜெகதாம்பாள் புடவையைத் தூக்கிச் செருகி, கொல்லைக் கதவைக் கழற்றித் தண்ணீரில் போட்டு, அதன்மேல் ஏறிக்கொண்டாள்.

"கதவு இல்லாங்காட்டி நாய் பூந்துடும் ஜெகதா!" என்று சிங்காரம் கத்தினார்.

"நீ காவலுக்கு இரு" என்று சொல்லிவிட்டு அவள் கையால் துழாவிக்கொண்டு போனாள். உச்சிவேளையில் மடி நிறைய மத்தி மீனோடு திரும்பியபோது மூச்சு வாங்கியது, சிரித்துக்கொண்டிருந்தாள். வச்சலா அதுவரை அம்மாவின் கடைவாய்ப் பல்லைப் பார்த்ததில்லை.

கேளம்பாக்கத்துக்காரர்கள் வந்து, கால் நனைந்து, சம்பந்தம் வேண்டாமென்று போய்விட்டார்கள். நகராட்சி ஆழம் பார்த்துப் பலகை நட்டது. மீன் மலிவானதால் கறிக்கடைக்காரர் மட்டும் மனு கொடுத்தார்.

ஒருநாள் சாப்பிடும்போது வச்சலா தட்டைத் தள்ளிவைத்தாள். "எம்மா, நான் இன்னா ஆவப்போறன்னா..."

"இர்ரீ" என்றாள் ஜெகதாம்பாள். எழுந்துபோய் அரிசிப் பானையைப் பரணில் ஏற்றினாள். காய்ந்த துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். சிங்காரம் டிக்கெட் பையை ஆணியில் உயரமாக மாட்டினார். பிறகு இருவரும் மகளுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார்கள்.

"இப்ப சொல்லு."

பாலம் கட்டப் படிக்க வேண்டும் என்று வச்சலா சொன்னாள். விடிந்தபோது தெருமுனையிலிருந்து அக்கரைக்குப் பாலம் இருந்தது; பால்காரர் ஏற்கெனவே சைக்கிளில் அதைக் கடந்துகொண்டிருந்தார். வச்சலா தலை வாரி, அதன்மேல் நடந்து, பாலிடெக்னிக்கில் சேர்வதற்குப் போனாள். கீழே கொல்லைக் கதவின்மேல் ஜெகதாம்பாள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பாலத்துக்கடியில் புகுந்து மறுபக்கம் போனாள்.