சத்தமில்லாமல் போன வண்டி

மூன்று நட்டுகளில் இரண்டு சொன்ன பேச்சைக் கேட்டுக் கழன்று வந்துவிட்டன. மூன்றாவது பிடிவாதம் பிடித்தது. தம்பியின் காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தவள், ஸ்பானரை மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் இழு இழுத்தாள். துரு பொலபொலவென்று கன்னத்தில் உதிர்ந்தது. அந்த ஷெட்டுக்கும் அப்பா படுத்திருந்த அறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர், அதில் ஒரு ஜன்னல். ஜன்னல் வழியாக அப்பாவின் குரல் ஐந்தாவது முறையாக வந்தது.

"இன்னும் கிளம்பலையா அவன்?"

"இதோ ஆச்சுப்பா," என்றாள்.

தெருவில் அவளுக்குச் சைலன்சர்க்காரி என்று பெயர். கூப்பிட்டவர்கள் கேலியாகத்தான் ஆரம்பித்தார்கள். பிறகு அவரவர் வண்டி இருமத் தொடங்கியதும் அதே பெயரை மரியாதையாகச் சொல்லப் பழகிக்கொண்டார்கள். தம்பியின் வண்டிக்கு வந்திருந்தது பெரிய நோய் ஒன்றுமில்லை. எஞ்சினிலிருந்து வரும் குழாயும் பின்பக்கம் போகும் குழாயும் சேருகிற இடத்தில், நடுவில் வைத்திருந்த பேக்கிங் கருகிப் பொடியாகியிருந்தது. அந்த இடுக்கு வழியாகப் புகை பீச்சியடித்து, நேற்று சாயங்காலம் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே டப்டப்பென்று ஊரைக் கூட்டியது. கண் இரண்டும் போனபிறகு காதாலேயே காலம் தள்ளிக்கொண்டிருந்த அப்பா, "வந்துட்டான்" என்று தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். ஜன்னலையெல்லாம் இறக்கிவிட்டுத்தான் வந்தேன், அப்படியும் புகை உள்ளே வந்து தலை கிறுகிறுக்கிறது என்றான் தம்பி.

இன்றைக்கு, மிஞ்சிப்போனால் நாளைக்கு என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். விடிந்ததும் அப்பா, எட்டு வருஷமாக வாயால் சொல்லாத ஒரு பேச்சைச் சொன்னார்.

"உங்கம்மாவ வரச் சொல்லு."

அம்மா தம்பி வீட்டில் இருந்தாள். காரில் போனால் இரண்டரை மணி நேரம். எட்டு வருஷத்துக்கு முன்னால் புருஷனை விட்டுவிட்டு ஒரு பெட்டியோடு மகள் வந்து நின்றபோது, திரும்பிப் போ என்றாள் அம்மா. அப்பா ஒன்றும் சொல்லாமல், தான் முப்பது வருஷம் ஓட்டிய பிரெட் வேனை விற்றுவிட்டு, அது நின்ற ஷெட்டின் சாவியை மகளிடம் கொடுத்தார். ஒன்று அவள் இருக்கட்டும், இல்லை நான் இருக்கிறேன் என்றாள் அம்மா. அதற்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாரமே அம்மா மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவராகக் கூப்பிட்டால் வருவேன் என்று அவளும், போனவள் வரட்டுமே என்று இவருமாக வருஷங்கள் போய்விட்டன.

இப்போது கூப்பிட்டுவிட்டார். ஆனால் அம்மாவுக்கு மூச்சிரைப்பு. இந்தப் புகையில் இரண்டரை மணி நேரம் உட்காரவைத்தால் அவளையும் சேர்த்துப் படுக்க வைக்க வேண்டியதுதான். ஷெட்டில் இருந்த இன்னொரு கார் தையற்காரருடையது. பிரேக்கைக் கழற்றி, கட்டைமேல் ஏற்றி வைத்திருந்தாள்.

மூன்றாவது நட்டு போல்ட்டோடு சேர்ந்து முறிந்தது. அவள் அப்படியே கிடந்தாள். இன்றைக்கு ஆகாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் சொல்லுக்கு இந்தத் தெருவில் மறுபேச்சு கிடையாது, தம்பியும் நம்பிவிடுவான். கண் போன நாளிலிருந்து ஊட்டிவிட்டு, குளிப்பாட்டி, முதுகு தடவிப் பார்த்துக்கொண்ட அப்பா கடைசிவரை அவளுக்கு மட்டுமே மிச்சமிருப்பார். அம்மா வந்து நின்று, உன்னால்தானே எல்லாம் என்று பார்க்கிற அந்தப் பார்வையும் இருக்காது. நினைத்தது நினைத்ததுதான், யாரும் கேட்காவிட்டாலும் அவளுக்கே வெட்கமாக இருந்தது. எழுந்துபோய் டிரில்லை எடுத்துவந்தாள்.

முறிந்த போல்ட்டைத் துளைத்து எடுத்தாள். இரண்டு முகங்களிலும் ஒட்டியிருந்த கரியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாள். புதுப் பேக்கிங் வைத்து, புது போல்ட் போட்டு, ஒன்றை மட்டும் ஒரேயடியாக முறுக்காமல் மூன்றையும் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கினாள். தம்பியை வண்டியைக் கிளப்பச் சொல்லி, இணைப்பைச் சுற்றிக் கையைக் கொண்டுபோனாள். பூனைக்குட்டி மூச்சளவுகூடக் காற்று படவில்லை. தம்பி தலையை நீட்டி, எஞ்சின் ஓடுகிறதா என்று கேட்டான். ஓடுது, போ என்றாள். பத்தரை மணிக்கு வண்டி, வாசலில் கிடந்த சருகைக்கூட எழுப்பாமல் தெருவில் இறங்கிப் போனது.

கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். திரைச்சீலை மெல்ல உப்பி, மெல்லத் தணிந்துகொண்டிருந்தது.

"அவன் போயிட்டான்பா."

அப்பா ஜன்னல் பக்கம் காதைத் திருப்பினார். "எங்க போனான்? வண்டி கிளம்பவே இல்லையே."

சரிபண்ணிவிட்டேன், அதனால்தான் சத்தம் இல்லை என்று விளக்கினாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "உனக்கு அவ வரவேணாம். எனக்குத் தெரியும்மா," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மன்னிக்கிற குரலில் சொன்னார்.

தம்பிக்குப் போன் போட்டு அவர் காதில் வைத்தாள். போய்க்கிட்டு இருக்கேன்பா, அம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்துடுவேன் என்று அவன் கத்தினான். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டுப் போனை நகர்த்தினார். "ஓடுற வண்டியில சத்தம் இருக்காதா? பக்கத்து ரூம்ல உக்காந்துக்கிட்டுப் பேசுறான்." எட்டு வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக அவள் ஒரு வேலையும் செய்ததில்லை. அந்தச் சுத்தமே அவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டது.

மத்தியானம் நீண்டுகொண்டே போனது. ஜன்னல் வெளிச்சம் தரையில் கட்டிலின் காலடிக்கு வந்து, காலில் ஏறி, போர்வையில் படுத்துக்கொண்டது. மயக்கத்தில் அப்பா தன் பழைய வேனில் இருந்தார். பள்ளிக்கூடத்துக்கு எட்டு மணிக்குள் பிரெட் போட்டாகவேண்டும் என்றார். அந்த வளைவில் மெதுவாகத் திருப்பு, பின்னால் தட்டுகள் சரியும் என்றார். அவள் சரிப்பா, மெதுவாத்தான் போறேன் என்றாள். மூன்று நாளாகச் சரியாகத் தூங்காத கண்ணுக்கு, கட்டிலும் அவரும் நாற்காலியும் தானும் எல்லாமே எங்கேயோ மெல்ல உருண்டு போவதுபோலத்தான் இருந்தது. சுடச்சுட பிரெட் வாசனை வந்தது. கதவோரம் அம்மாவின் செருப்பு கிடந்தது. எழுந்து போய்ப் பார்த்தாள், வெறும் தரைதான்.

மூன்று மணிக்கு மூச்சு மாறியது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் எண்ணுகிற அளவுக்கு இடைவெளி விழுந்தது. தம்பி போனை எடுக்கவில்லை. அப்பாவின் கண் மூடியிருந்தது, ஆனால் தலை மட்டும் ஜன்னல் பக்கமாகவே திரும்பியிருந்தது. கேட்டுக்கொண்டே இருந்தார்.

அவள் எழுந்து ஷெட்டுக்கு ஓடி, வீட்டுப்பக்க ஜன்னலைச் சாத்தினாள். தையற்காரரின் காருக்கு அடியில் நுழைந்து, அதன் இணைப்பில் இரண்டு நட்டுகளைத் தளர்த்தினாள். வெளியே வந்து எஞ்சினைக் கிளப்பினாள். தட்தட்டென்று தடித்த சத்தம் வந்தது. இது அவன் வண்டி இல்லை, அப்பாவை இதில் ஏமாற்ற முடியாது. திரும்பவும் காருக்கு அடியில் நுழைந்து, ஒரு நட்டைக் கால் சுற்று இறுக்கினாள். காதைக் கொடுத்தாள். இன்னும் ஒரு பொட்டு. டப்டப். இதுதான்.

அணைத்துவிட்டு, ஷெட்டின் தெருப்பக்கக் கதவைத் திறந்தாள். மறுபடி கிளப்பினாள். ஜன்னலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தாள். அப்பாவின் காதுக்குத் தெருமுனையில் ஒரு கார் திரும்பியது, நாலு வீடு தாண்டியது, வாசலுக்கு வந்து நின்றது. எஞ்சினை அணைத்தாள். கார்க் கதவை ஒரு தடவை அடித்துச் சாத்தினாள். இறங்குவது இரண்டு பேர் அல்லவா என்று நினைவு வந்து, அடுத்த கதவையும் திறந்து சாத்தினாள்.

அறைக்கு வந்தபோது அப்பா ஒரு கையால் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு கை போர்வைமேல் விரிந்து கிடந்தது. வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். பேசாமல் உட்கார்ந்து, அந்தக் கையில் தன் கையை வைத்தாள்.

அவருடைய கட்டைவிரல் அவள் உள்ளங்கையில் மெதுவாகப் போய்ப்போய் வந்தது. வெகுநேரம் அப்படியே தடவிக்கொண்டிருந்தார். பிறகு உதடு பிரிந்தது.

"வந்துட்டியா. நல்லது." மூச்சு வாங்கினார். "பொண்ணை ஒண்ணும் சொல்லாத. நான் கேட்டதும் அவன அனுப்பிட்டா. நான்தான் நம்பல."

மூச்சுகளுக்கு நடுவே இடைவெளி இன்னும் நீண்டது. ஒரு இடைவெளியில் அவள் இருபதுவரை எண்ணினாள், நாற்பதுவரை எண்ணினாள், பிறகு எண்ணுவதை விட்டாள். திரைச்சீலை மட்டும் உப்பித் தணிந்துகொண்டிருந்தது. அப்பா என்று கூப்பிட்டாள். அவள் கூப்பிட்டால் எப்போதும் ஓர் உம்மாவது கொட்டுவார். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று தெரியவில்லை. வாசலில் வண்டி வந்து நின்றதோ, யாரோ இறங்கியதோ எதுவும் காதில் விழவில்லை. நிமிர்ந்தபோது அறை வாசலில் அம்மா நின்றாள். முன்னைவிடச் சின்னதாக, கையில் ஒரு பையோடு நின்றாள். பின்னால் தம்பி.

"வண்டியில சத்தமே இல்ல," என்றாள் அம்மா, மன்னிப்புக் கேட்பதுபோல. "வழியெல்லாம் தூங்கிட்டேன்." அதற்குப் பிறகுதான் கட்டிலைச் சரியாகப் பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு, மறுபக்கம் வந்து உட்கார்ந்தாள்.

மகள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நம்பாததைச் சொன்னாள், தையற்காரர் கார் செய்த வேலையைச் சொன்னாள். நீதான் என்று நினைத்துக்கொண்டுதான் என் கையைப் பிடித்தபடி போனார், உன்னிடம் சொல்லவேண்டியதை என்னிடம் சொல்லிவிட்டார் என்றாள். அவர் சொன்னதையும், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். சொல்லிவிட்டு, எட்டு வருஷத்து ஏச்சுக்குக் காத்திருப்பவள்போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அம்மா அவருடைய கையை எடுத்தாள். அது இன்னும் சூடாக இருந்தது. திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கையிலும் கட்டைவிரலிலும் கரியும் கிரீஸும் திட்டுத்திட்டாக அப்பியிருந்தன. மகள் அப்போதுதான் தன் கைகளைப் பார்த்தாள். ஓடிவந்த அவசரத்தில் கழுவவே இல்லை.

"முப்பது வருஷம் வண்டி ஓட்டினவரு," என்றாள் அம்மா மெல்ல. "தான் பிடிச்சது யார் கைன்னு அவருக்குத் தெரியாமலா இருக்கும்?"

தம்பி உள்ளே போய், கிண்ணத்தில் தண்ணீரும் ஒரு வெள்ளைத் துணியும் கொண்டுவந்து வைத்தான். அம்மா துணியை நனைத்துப் பிழிந்து அவர் முகத்தைத் துடைத்தாள். காதுக்குப் பின்னால், கழுத்தில், இடது கையில், விரல் இடுக்குகளில் ஒன்றுவிடாமல் துடைத்தாள். வலது கைக்கு வந்ததும் துணியைக் கிண்ணத்தில் போட்டாள். கரி படிந்த அந்த விரல்களை ஒவ்வொன்றாக உள்ளங்கைமேல் மடக்கி மூடி, போர்வைக்குள் வைத்தாள்.